கிடை நாய்க்கு யார் சான்று தருவது?

நாட்டு நாய்களுக்கு இது நல்ல காலம் என்கிறார்கள். 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் பெயராகச் சொல்லி, நாய் வளர்க்க நினைப்பவர்கள் இந்திய இனங்களை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். கர்னாலில் இருக்கும் தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பதிவுபெற்ற இனங்களாக ஏற்றிருக்கிறது. 2024இல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கத்துக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டு, நம் வெயில் ஆகாத சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை இங்கே பெருக்குவதற்குக் கட்டுப்பாடு அறிவித்தது. எல்லாம் வரவேற்க வேண்டியவைதான்.

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் போயிற்று. இந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மனக்குறை. செம்மறிக் கிடையில் இரவெல்லாம் கண்விழித்து, பகலெல்லாம் நடந்து, சம்பளமாகக் கூழ் குடித்து வாழும் நாயைப் பற்றி இவற்றில் எங்கேயும் பேச்சில்லை. நாட்டு நாயைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் மெய்யாகவே நினைத்தால், தொடங்க வேண்டிய இடம் கண்காட்சி மைதானமும் விற்பனைக் கொட்டிலும் கிடையாது, ஆட்டுக்கிடைதான்.

அந்த நாய் பார்வைக்குப் பகட்டாக இருக்காது. செவலை, கருப்பு, சாம்பல், புள்ளி என எந்த நிறத்திலும் வரும். ஒரு காதில் பழைய கடித் தழும்பு இருக்கும். விலா எலும்பை எண்ணலாம். எங்கள் பக்கம் மந்தை நாய் என்பார்கள், கிடை நாய் என்பார்கள். மேற்கே பட்டி நாய். கோம்பையின் சாயல் ஒன்றில் தெரியும், கன்னியின் மெலிவு இன்னொன்றில் தெரியும். நாய்க்கு வம்சாவளி கேட்டால் கிடைக்காரர், "இதோட ஆத்தா பார்த்திபனூர்க் கிடையில நின்னுச்சு, ஒரு குட்டிய நரிக்குக் குடுத்ததில்ல" என்பார். அவருக்குத் தெரிய வேண்டிய வம்சாவளி அவ்வளவுதான். அதில் குறை ஒன்றும் இல்லை.

அதன் வேலையைச் சொன்னால்தான் அருமை தெரியும். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கிடைகள் நெல் அறுவடைக்குப் பிறகு தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் இறங்கும். வயல்காரரிடம் இத்தனை ஆடு, இத்தனை இரவு என்று பேசிக் கிடை அமர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இரவுக் கூலி கிடைக்காரருக்கு. ஆடி மாதம் வயலுக்குத் தண்ணீர் வருவதற்குள் திரும்பியாக வேண்டும். இந்த மாதங்களில் வீடு என்பது வலை கட்டிய வட்டம்தான். அதற்குள் ஆடுகள், ஓரமாகக் குட்டிகளை அடைக்கும் கூடு, வெளியே ஆளுக்கொரு கயிற்றுக் கட்டில் அல்லது வெறும் சாக்கு. நாய்களுக்கு யாரும் இடம் காட்டுவதில்லை. ஒன்று மேற்கே படுக்கும், ஒன்று வாய்க்கால் கரையில், ஒன்று குட்டிக் கூட்டை ஒட்டி. நரி வந்தால் ஒரு குரைப்பு, ஆள் வந்தால் வேறொரு குரைப்பு. சரக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆடு தூக்க வருகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் முதலில் நாய்க்கு விஷம் வைக்கிறார்கள்.

பகலில் வேறு வேலை. கிடை நகரும்போது பின்தங்கும் சினை ஆட்டோடு ஒரு நாய் மெதுவாக வரும். கடலைக் காட்டுக்குள் ஆடு இறங்கப் பார்த்தால் ஆட்டுக்காரர் எழுப்பும் ஒரு சத்தத்துக்கு நாய் வரப்பில் போய் நின்றுகொள்ளும்; ஆடு திரும்பிவிடும். ஊரில் இருக்கும் நாளில் அதே நாய் களத்து மேட்டில் பெருச்சாளி பிடிக்கும், காட்டுப்பன்றியைக் கடலைக் கொல்லையிலிருந்து விரட்டும், மயிலைச் சோளத்தின் மேல் உட்கார விடாது. சீமைக் கருவேலம் மண்டிய பிறகு எங்கள் பக்கம் நரிக்கும் பன்றிக்கும் ஒளிய இடம் கூடிவிட்டது. அதற்கேற்ப நாயின் வேலையும் கூடிவிட்டது. விடிவதற்கு முன் காட்டுக்குப் போகும் பெண்கள் முன்னால் நாயை விட்டுத்தான் நடப்பார்கள். பாம்பு கிடந்தால் அது நின்றுவிடும்.

இதைப் படிக்கும் நாய் ஆர்வலர் ஒருவர் கேட்கலாம்: ஆட்டை ஓட்டும் நாய் வேறு, ஆட்டைக் காக்கும் நாய் வேறு, உங்கள் நாய் இரண்டில் எது? பெரிய மந்தைகளும் பெரிய மேய்ச்சல் வெளிகளும் இருக்கும் நாடுகளில் அப்படிப் பிரித்துவிட்டார்கள். ஓட்டுவதற்கு பார்டர் கோலி, காப்பதற்குத் தனியாகப் பெரிய வெள்ளை நாய். குடும்பமாக நூறு, இருநூறு ஆடு வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு ஒரே நாய் எல்லாவற்றையும் முக்கால் பங்காவது செய்ய வேண்டும். எந்த நாட்டிலும் குடும்பப் பண்ணை கேட்டது இந்த நாயைத்தான்.

அமெரிக்காவில் இங்கிலீஷ் ஷெப்பர்ட் என்று ஒரு நாய் உண்டு. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களின் பண்ணை நாய்களின் வழி வந்தது. பால் கறக்கும் நேரத்துக்கு மாட்டைக் கூட்டி வரும், பன்றியை முற்றத்துக்குள் விடாது, எலி பிடிக்கும், பிள்ளைகளோடு போகும். யுனைடெட் கெனல் கிளப் 1927இலேயே அதைப் பதிவு செய்தது. ஆனால் பதிவு அதைக் காப்பாற்றவில்லை. 1935இல் அந்த நாட்டில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சம். சிறு பண்ணைகள் மூடப்பட மூடப்பட நாய்க்கும் வேலை போயிற்று. ஒரு காலத்தில் பண்ணைக்குப் பண்ணை இருந்த நாய் இன்று தேடிப் பிடிக்க வேண்டிய நாய். இன்னமும் அது மிஞ்சியிருப்பதற்குக் காரணம், அழகுக்காக அல்லாமல் வேலைக்காகவே குட்டி எடுப்போம் என்று பிடிவாதமாக நிற்கும் சில வளர்ப்பாளர்கள்.

வேலைக்காக வளர்ப்பது, அழகுக்காக வளர்ப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று காட்ட ராஜபாளையத்தைவிட நல்ல சாட்சி இல்லை. வெள்ளை வெளேரென்ற உடல், இளஞ்சிவப்பு மூக்கு. அதுதான் சுத்தமான ராஜபாளையம் என்று சந்தை முடிவு செய்துவிட்டது. அந்த முழு வெள்ளையைக் கொண்டுவரும் மரபணுக்கள் சில குட்டிகளில் உள்காதையும் பாதிக்கும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தால் அது இன்னும் கூடும். செவிட்டுக் குட்டிகள் இந்த இனத்தில் பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை. என்னிடம் ஒருவர் நிறைய விலை கொடுத்து வாங்கிய குட்டியைக் கூட்டி வந்தார். "சொன்ன பேச்சு கேக்கவே மாட்டேங்குது சார், ரொம்ப அடம்" என்றார். அது தூங்கும்போது பின்னால் ஓர் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தேன். காதுகூட அசையவில்லை. விற்றவர் கொடுத்த சான்றிதழில் தாத்தா, பாட்டி பெயரெல்லாம் இருந்தது. காது கேட்குமா என்பதற்குக் கட்டம் இல்லை.

அந்த வாரமே முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிடைக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "காது கேக்காத நாய கிடையில வச்சு என்ன டாக்டரய்யா பண்றது? ஆட்டோட சேத்து அதையும்ல நாங்க காக்கணும்" என்றார். எண்ணிப் பார்த்தால், எந்த மரபியல் நிபுணரையும்விடக் கறாரான தேர்வு அவருடையது. காது மந்தமான நாய், பயந்த நாய், ஆட்டுக்குட்டியைக் கடிக்கும் நாய், நாலு கல் தொலைவு நடந்ததும் படுத்துவிடும் நாய் எதுவும் அவர் கிடையில் தங்காது, அதன் குட்டியும் வராது. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வில்தான் நம் நாட்டு நாயின் உடல்கட்டு உருவானது. அந்தத் தேர்வை எடுத்துவிட்டு நிறத்தையும் மூக்கையும் மட்டும் காப்பாற்றினால், மிஞ்சுவது இனத்தின் பெயர்தான்.

கிடைக்காரரின் அறிவுக்கு இன்னோர் உதாரணம். குட்டி நாய் கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் அதை ஆட்டுக்குட்டிகள் இருக்கும் கூட்டருகே கொண்டுபோய் விடுவார்கள். அது அவற்றோடு படுத்து, அவற்றின் வாடையிலேயே வளரும். அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் தம்பதி 1970களின் பிற்பகுதியிலிருந்து காவல் நாய்களைப் பண்ணைகளில் விட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பிறந்து பதினாறு வாரங்களுக்குள் ஆடுகளோடு பழகிய நாய்தான் அவற்றைத் தன் கூட்டமாக ஏற்றுக் காக்கும் என்பது அவர்கள் கண்டது. நம் ஆட்டுக்காரர்கள் புத்தகம் எழுதாமல் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். நகரத்துக் கொட்டிலில் கூண்டுக்குள் நான்கு மாதம் வளர்ந்த குட்டி, எவ்வளவு உயர்ந்த வம்சமாக இருந்தாலும், பிறகு கிடைக்கு வந்து ஆட்டைத் துரத்துமே தவிர காக்காது.

சரி, இந்த நாய்க்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? கால்நடைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அநேகமாக ஒன்றும் இல்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடக் கிடையைத் தேடிப் போவோம். நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு ஒரே காலைப்பொழுதில் ஊசி போட்டு முடிப்போம். பக்கத்திலேயே நாலு நாய் நின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட எங்கள் பெட்டியில் மருந்து இருக்காது. திட்டத்தில் அது இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள் என்போம். இன்று ஒரு வயலிலும் நாளை ஒரு வயலிலும் இருப்பவர் எந்த மருந்தகத்துக்கு வருவார்?

இதில் நாயின் நலம் மட்டும் இல்லை. கிடையில் சில சமயம் ஓர் ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். கண் மங்கும். பிறகு விழுந்து சாகும். அதன் மூளையில் நீர்க்கட்டி இருக்கும். ஆட்டுக்காரர் அந்தத் தலையை நாய்க்குப் போடுவார். கட்டிக்குள் இருக்கும் புழு நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும், முட்டை மலத்தோடு புல்லில் விழும், அந்தப் புல்லை அடுத்த ஆடு மேயும். இந்தச் சங்கிலியை அறுக்க இரண்டே காரியம் போதும்: செத்த ஆட்டின் தலையைப் புதைக்க வேண்டும், நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்கான மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரையின் விலை ஆட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். கிடையிலேயே சமைத்து, கிடையிலேயே உண்டு உறங்கும் குடும்பங்களுக்கு நாயின் குடற்புழு நீக்கம் குடும்ப மருத்துவமும்தான்.

தெருநாய்க் கடியால் ஊரே அல்லாடும்போது இன்னொரு நாய்க்கு வக்காலத்தா என்று சிலர் கோபப்படுவார்கள். நியாயமான கோபம். ஆனால் கிடை நாய்க்கு உடையவர் உண்டு, வேலை உண்டு, இரவில் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் உண்டு. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் அண்மைச் செய்திகள். உடையவன் இல்லாத நாய்களால் வரும் சேதத்தைத் தடுக்க, உடையவன் உள்ள நல்ல பட்டி நாயும் ஒரு வழி. வேலியும் விளக்கும்கூட வேண்டும்தான். ஆனால் அவை குரைப்பதில்லை.

அதே நேரம் ஆட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடுவன் குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பொட்டைக் குட்டிகளைக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வருகிறீர்கள். பிழைத்தவை தெருநாய்களாகின்றன, அவற்றின் குட்டிகள் உங்கள் கிடைக்கே திரும்பி வருகின்றன. நல்ல தாய் நாய் இல்லாமல் நல்ல கடுவன் எங்கிருந்து வரும்? நரிக்குக் குட்டியைக் கொடுக்காத அந்தப் பார்த்திபனூர்த் தாயின் பெருமையைப் பேசிக்கொண்டே அதன் மகளைத் தூக்கி எறிவது எந்தக் கணக்கிலும் சேராது. கிடைக்கு ஒரு நல்ல தாயை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாதவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள். அதற்கு மருத்துவர் உங்கள் இடத்துக்கே வர வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பதிவு விஷயத்திலும் நாம் பார்த்துக் கற்க ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம், வம்சாவளி தெரியாத நாயையும் களத்தில் அதன் வேலையைச் சோதித்துத் தகுதியின் பேரில் பதிவு செய்ய இடம் வைத்திருக்கிறது. அந்தச் சங்கம் பதிவு செய்யும் பார்டர் கோலியை 1995இல் அமெரிக்கன் கெனல் கிளப் தன் பதிவேட்டில் சேர்த்தபோது, அதை வேலைக்கு வைத்திருந்தவர்கள் மகிழவில்லை, எதிர்த்தார்கள். கண்காட்சியின் அளவுகோல் நுழைந்தால் ஆட்டை ஓட்டும் மூளை போய்விடும் என்று பயந்தார்கள். நம் ஊரில் இனப் பதிவு செய்யும்போது உயரம், நிறம், முகநீளம் ஆகியவற்றோடு, காது சோதனையும் வேலைச் சோதனையும் இருக்க வேண்டும். மதிப்பெண் போட நடுவர்கள் வெளியிலிருந்து வர வேண்டாம். கிடைக்காரர் இருவரும் ஒரு கால்நடை மருத்துவரும் போதும்.

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருக்கின்றன. வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, கச்சக்கட்டிக் கருப்பு என ஆடுகளின் இனங்களுக்குத் திட்டம் உண்டு, ஆராய்ச்சி உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மேய்ச்சல் சமூகத்தினரின் கால்நடைகளையும் முதன்முறையாகத் தனியாகக் கணக்கெடுக்க முடிவு செய்தார்கள். நல்ல மாற்றம். அந்த ஆடுகளை இரவில் உயிரோடு வைத்திருப்பது எது என்ற கேள்வியையும் அத்தோடு கேட்டிருக்கலாம்.

மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. புறம்போக்கெல்லாம் வேலிக்குள் போகிறது. கிடைகள் நடந்த பாதையை நான்குவழிச் சாலைகள் வெட்டிக்கொண்டு போகின்றன. வண்டி மோதிச் செத்த கிடை நாய்களை அந்தச் சாலையோரங்களில் பார்க்கிறேன். கிடைக்காரரின் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அதைத் தவறென்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் கிடை போனால் இந்த நாயும் போகும். எந்த அரசுப் பண்ணையிலும் கூண்டு கட்டி அதைத் திரும்ப உண்டாக்க முடியாது. கிடை தரும் வேலைதான் அதன் இனம்.

எனவே அரசிடம் கேட்பது அதிகமில்லை. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாமுக்குப் போகும் வண்டியிலேயே கிடை நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் புழு மாத்திரையும் கொண்டுபோகச் செய்யுங்கள். குளிர்பதனப் பெட்டியும் ஊழியரும் ஏற்கெனவே போகத்தான் போகிறார்கள். கூடுதலாக ஆகும் செலவு மருந்தின் விலை மட்டுமே. அடுத்த முகாமிலேயே இதைத் தொடங்கலாம்.